சௌகார் ஜானகி பிறந்தநாளுக்கு எந்தப் படம் போடலாம்?

மொட்டைமாடி:
டிசம்பர் 12 சௌகார் ஜானகி பிறந்தநாள். எங்கள் குடியிருப்புப் பெரியவர்களுக்காக மாடியில் திரை கட்டி அவர் படம் ஒன்று போடப்போகிறோம். பாதிப் பேர் ‘புதிய பறவை’ என்கிறார்கள். எனக்கென்னவோ அது சிவாஜி படமாகத்தான் தெரிகிறது. வேறு சொல்லுங்களேன்.

பழையசோறு:
சிவாஜி படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டு முழுக்க அந்த அம்மாவுடையது சார்.

கே.பி. கட்சி:
கண்ணை மூடிக்கொண்டு ‘எதிர்நீச்சல்’ (1968) போடுங்கள். அழுவதற்கென்றே அவரை நேர்ந்துவிட்ட மாதிரி மற்றவர்கள் வைத்திருந்த காலம் அது. அவரிடம் இருந்த நக்கலையும் மிடுக்கையும் சரியாகப் பிடித்தவர் பாலசந்தர்தான். தான் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’யிலேயே (1965) டாக்டர் வேஷம் கொடுத்தார். ‘எதிர்நீச்சல்’ பட்டு மாமி இருக்கிறாரே, அடடா! ‘அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா’ என்று கிட்டு மாமா ஸ்ரீகாந்திடம் அவர் அடிபோடுகிற அழகைப் பாருங்கள். ராஜமுந்திரியில் பிறந்த தெலுங்குக்காரர் என்றால் மாமிகளே நம்பமாட்டார்கள்.

அடுத்த வருஷமே ‘இரு கோடுகள்’. இவர் கலெக்டர், பிரிந்துபோன கணவர் ஜெமினி அதே ஆபீஸில் குமாஸ்தா. குரலை உயர்த்தாமலே அதிகாரம் தெரியும். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு அதுதான். ஆனால் கனமான படம், பிறந்தநாளன்று வேண்டாம்.

ரேடியோ ரசிகை:
‘ஒளிவிளக்கு’ யாருக்கும் ஞாபகம் வரவில்லையா? 1984-ல் எம்.ஜி.ஆர். நோயில் படுத்திருந்தபோது தமிழ்நாடெங்கும் ‘இறைவா உன் மாளிகையில்’ ஒலித்ததே, திரையில் அந்தப் பிரார்த்தனையைச் செய்பவர் சௌகார்தான். குரல் சுசீலாம்மா.

மொட்டைமாடி:
சரி, ‘எதிர்நீச்சல்’தான். படத்துக்கு முன்னால் மற்ற இரண்டு பாட்டையும் போட்டுவிடுகிறோம். மூன்றாம் மாடித் தாத்தா ஒருவர் மட்டும் ‘தில்லுமுல்லு’ என்று அடம்பிடிக்கிறார்.

கே.பி. கட்சி:
தாத்தா விவரமானவர்! 1981-ல் வந்த படம். ரஜினிக்கு இல்லாத அம்மாவாக நடித்துக் கொடுக்க வருவாரே, அந்த ரகளைக்கே தனியாக ஒரு நாள் வைக்கலாம். 1950-ல் ‘ஷாவுகாரு’ தெலுங்குப் படத்தில் என்.டி.ஆருக்கு ஜோடி, 2020-ல் ‘பிஸ்கோத்’தில் சந்தானத்தோடு. நடுவில் எழுபது வருஷம். பத்மஸ்ரீ வந்ததோ 2022-ல், தொண்ணூறு வயதில். ஒரே ராத்திரியில் எப்படி முடிப்பீர்கள்? சனி, ஞாயிறு இரண்டு நாளாக வையுங்கள்.