ஏசி இல்லாத அறையில் தண்ணீர் லூப், 360 ரேடியேட்டர் போதுமா?

ஈசூன்வாசி: என் கணினியின் ரைசன் 9 7950எக்ஸ் சிப்பை ஓவர்க்ளாக் செய்ய (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட), தண்ணீரைச் சுழற்றிக் குளிர்விக்கும் லூப்பை நானே கட்டுகிறேன். எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறை மதியத்தில் 31 டிகிரி. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விட 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று போதுமா? அலுமினியத்தில் மலிவாகக் கிடைக்கிறது.

செம்புப்பிரியன்: அலுமினியம் வேண்டவே வேண்டாம் தம்பி. சிப்பின் மேல் உட்காரும் பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்புதான். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், என் பழைய லூப்பில் சாம்பல்நிறச் சகதி பிளாக்கின் மெல்லிய இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டது.

தெம்பனிஸ்: சிபியு (அந்த ரைசன் சிப்) மட்டும் என்றால் 360 போதும். கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் இன்னொன்று போடுங்கள். அறைக் காற்றைவிடத் தண்ணீர் குளிராது. அந்தச் சிப் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது, பயப்படாதீர்கள். அப்புறம், முதலில் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு ஃபிட்டிங் (குழாய் இணைப்பு) அடியிலும் டிஷ்யூ வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள்.

ஈசூன்வாசி: சரி அண்ணா, செம்பே வாங்குகிறேன். சனிக்கிழமை சிம் லிம் கணினிக் கடைகளுக்குப் போகிறேன்.