சர்க்கரை போடாத ஜூஸ் கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

கசப்புமருந்து: "ஏழு நாள் பழச்சாறு மட்டும் குடித்தால் கல்லீரல் சுத்தமாகிவிடும்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. கல்லீரல் என்ன பாத்திரமா, கழுவிக் கவிழ்த்து வைக்க?

பச்சைக்கிளி: போட்டது நான்தான். சர்க்கரை சேர்க்காத சாறு என்று தெளிவாக எழுதியிருந்தேன். படிக்காமலே பாய்வது சிலருக்குப் பழக்கம்.

கசப்புமருந்து: நீங்கள் போடாவிட்டால் என்ன, பழமே போட்டுத்தான் அனுப்பியிருக்கிறது. 250 மி.லி. ஆரஞ்சுச் சாறில் சுமார் 21 கிராம் சர்க்கரை, நார் அரை கிராம். முழுப் பழம் ஒன்றில் சர்க்கரை 12, நார் 3. மூன்று பழத்தை ஒரே மூச்சில் குடித்துவிடலாம், மென்று தின்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரைக்கு வரம்பு வைத்தபோது சாறையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம். உங்கள் இரண்டு தம்ளரிலேயே 42 போய்விட்டது.

பச்சைக்கிளி: அது இயற்கைச் சர்க்கரை ஐயா!

கசப்புமருந்து: கல்லீரல் பூர்வீகம் விசாரிப்பதில்லை. சர்க்கரையில் இருக்கும் குளுக்கோஸை மூளையும் தசையும் பங்கு போட்டுக்கொள்ளும். கூடவே வரும் ஃபிரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழும். குளுக்கோஸ் உடையும் வழியில் காவலுக்கு ஒரு நொதி நிற்கிறது. ஃபிரக்டோஸ் அதைச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் நுழையும். மிஞ்சுவதில் ஒரு பங்கு கொழுப்பாகும்.

எண்கணக்கன்: பாதிதான் உண்மை. கல்லீரலில் சேரும் கொழுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து வருவது. கல்லீரல் தானே தயாரிப்பது கால்வாசி. 80 கிலோ ஆள் 5.6 கிலோ, அதாவது 7 சதவீதம் குறைத்தால் அழற்சி தணிய வாய்ப்புண்டு. கல்லீரலில் விழுந்த தழும்பு குறைய 10 சதவீதம் வேண்டும். அதை விட்டுத் தம்ளரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கசப்புமருந்து: கால்வாசி கொசுறா? போன மாதம் "காபி போதும்" என்றவர்தானே நீங்கள்?

எண்கணக்கன்: போதும் என்று எங்கே சொன்னேன்? காபி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது என்றேன். "காணப்படுகிறது" இன்னும் உறுத்துகிறதா?

வடிகட்டி: சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். வடிகட்டாமல் மிக்ஸியில் அடித்தால் நார் தங்குமே?

கசப்புமருந்து: தங்கும். மூன்று பழத்தின் சர்க்கரையும் கூடவே தங்கும். பெயரைப் பார்த்தாலே தெரிகிறது நீங்கள் எந்தப் பக்கம் என்று.

வடிகட்டி: பெயரை ஏன் இழுக்கிறீர்கள்?

பச்சைக்கிளி: ஏழே நாளில் மூன்று நான்கு கிலோ இறங்குகிறதே, அதற்கு என்ன பதில்?

கசப்புமருந்து: அதில் பெரும்பகுதி கிளைக்கோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) தண்ணீரும். ஒரு கிராம் கிளைக்கோஜன் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாறில் புரதம் மிகக் குறைவு என்பதால் தசையும் கரையும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து வேறு. அரைக் கிலோ முதல் ஒரு கிலோ இறங்கினால் போதும்.

எண்கணக்கன்: சுற்றி வளைத்து எடைக்கே வந்துவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

கசப்புமருந்து: வரவில்லை. நான் பேசுவது ஜூஸ் பற்றி.

பச்சைக்கிளி: ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) இயல்பாக இருந்தால் ஜூஸில் என்ன தப்பு?

கசப்புமருந்து: ஏஎல்டி இயல்பாக இருந்தும் கொழுப்பு இருக்கலாம். முதலில் தம்ளரைக் கீழே வையுங்கள்.

பச்சைக்கிளி: நாளைக்கு கேரட் சாறு பற்றித் தனி இழை போடுகிறேன். அங்கே வராதீர்கள்.

கசப்புமருந்து: முதல் பின்னூட்டமே என்னுடையதுதான். கிராம் கணக்கோடு.