புதுப்பிப்பு: படகுப் பதிவேட்டில் 5:30 மணி நேரம் பிசகிய சிக்கல் தீர்ந்தது

பாம்பனில் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தைப் பதிய, சி மொழியில் நான் எழுதிய நிரலைப் பற்றிக் கேட்டிருந்தேன். காலை 6:00 என்று பதிந்த படகு, மடிக்கணினியில் 11:30 என்று காட்டியது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் சொன்னபடி காரணம், தேதியையும் நேரத்தையும் ஒரே விநாடி எண்ணாக மாற்றும் சி மொழிச் செயற்கூறான எம்கேடைம்தான் (mktime). கொடுத்த நேரத்தை அது ஓடுகிற கணினியின் உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. நிரல் ஓடிய வாடகை சர்வர் யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு 5:30 மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருந்தது. கொடுத்த நேரத்தை யுடிசியாகவே எடுத்துக்கொள்ளும் டைம்ஜிஎம் (timegm) போட்டுப் பார்த்தேன். லினக்ஸில் சரி, விண்டோஸில் அந்தப் பெயரே இல்லை.

கைகொடுத்தது, இந்த விநாடி எண்ணின் தொடக்க நாளான 1970 ஜனவரி 1 முதல் நாட்களை நாமே எண்ணும் யோசனை. மார்ச்சை முதல் மாதமாக வைத்தால் பிப்ரவரி 29 ஆண்டின் கடைசி நாளாகிவிடும். லீப் ஆண்டுக் கணக்கு அவ்வளவு எளிது! நாட்களை 86400-ஆல் (ஒரு நாளின் விநாடிகள்) பெருக்கி, அன்றைய நேரத்தை விநாடிகளாகக் கூட்டி, 19800 (5:30 மணி நேரத்தின் விநாடிகள்) கழித்தேன். சரிபார்க்க விரும்புவோருக்கு: 2024 பிப்ரவரி 29, இந்திய நேரம் காலை 5:30 என்றால் 1709164800 வரவேண்டும். இரண்டு கணினியிலும் வந்தது.

எதிர்பாராதது ஒன்று. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பிய படகுகள் நாள்வாரிப் பட்டியலில் முந்தின நாளில் போய் விழுந்தன. யுடிசியில் அது இரவு 10:30 அல்லவா! நாளாகப் பிரிக்கும் முன் 19800-ஐத் திரும்பக் கூட்டியதும் சரியானது. அப்புறம், சர்வரில் முன்பே பதிவான வரிகளில் மட்டும் 19800 கழித்துத் திருத்திவிட்டேன்.