கூகுளில் எந்தப் பிரிவில் சேர்வது? அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றிவரும் நான், கூகுளின் நேர்காணல்களில் தேர்ச்சி பெற்று, இப்போது குழுவைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இருக்கிறேன். தேடல் பிரிவில் ஒரு குழுவும், கிளவுட் பிரிவில் குபெர்னெட்டிஸ் (பல கணினிகளில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் அமைப்பு) சேவையைக் கவனிக்கும் ஒரு குழுவும் என்னை அழைத்திருக்கின்றன.

தேடலில் கோடிக்கணக்கானோர் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றில் பங்களிக்கலாம். ஆனால் அங்கே பழகும் கருவிகளில் பல நிறுவனத்துக்குள்ளேயே புழங்குபவை என்பதால், பின்னாளில் வேறிடம் சென்றால் அந்த அறிவு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. குபெர்னெட்டிஸோ, கூகுளின் போர்க் என்னும் உள் அமைப்பில் கிடைத்த அனுபவத்திலிருந்து உருவாகி, 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, இன்று அமேசான், மைக்ரோசாப்ட் கிளவுட்களிலும் இயங்குகிறது. எனினும், வாடிக்கையாளர்களின் சேவை தடைபடும்போது நள்ளிரவிலும் எழுந்து சரிசெய்யும் ஆன்-கால் பொறுப்பு அதில் கூடுதலாக இருக்குமோ என்று தயங்குகிறேன். என் மகளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

பிரிவின் பெயரைவிட மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதே முக்கியம் என நினைக்கிறேன். அவருடன் பேசக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் எதைக் கேட்டால் குழுவின் உண்மை நிலை புலப்படும்? சேர்ந்தபின் பிரிவு மாறியவர்கள், அது எவ்வளவு எளிதாக நடந்தது என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவைச் சொல்லியாக வேண்டும்.