வீட்டு லினக்ஸ் சேவையகத்தில் கோப்புப் பகிர்வு மந்தமானால் எங்கே தேடுவது?

வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினியில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவி, குடும்பப் படங்களையும் காணொளிகளையும் சாம்பா (விண்டோஸ் கணினிகளுடனும் கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்) வழியாகப் பகிர்ந்து வருகிறேன். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் வரை நகலாகிக்கொண்டிருந்த கோப்புகள், வீட்டுக்கு வெள்ளையடித்து மேசைகளை இடம் மாற்றிய பிறகு 11 மெகாபைட்டைத் தாண்டவே இல்லை. வட்டு தடுமாறினால் வேகம் ஏறி இறங்கும். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால், எங்கோ ஒரு வரம்பில் முட்டுகிறது என்றே பொருள் கொள்ள வேண்டும். இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் கணக்கு பொருந்தும்: ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட் வரும்; பொட்டலத் தலைப்புகளுக்கும் நெறிமுறைக்கும் உரியதைக் கழித்தால் ஏறத்தாழ 11 மிஞ்சும்.

அதனால் சாம்பாவின் அமைப்புக் கோப்பைத் தொடாமல், சேவையகத்துக்கும் என் கணினிக்கும் இடையே ஐபெர்ஃப்3 என்னும் வேகச் சோதனைக் கருவி கொண்டு சோதித்தேன். அது வட்டையும் சாம்பாவையும் விலக்கி, நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு மட்டும் தரவை அனுப்புவதால், வலையமைப்பின் வேகம் தனியாகத் தெரிந்துவிடும். கிடைத்தது 94 மெகாபிட். வலை அட்டையின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையும் இணைப்பு வேகம் 100 என்றே காட்டியது. கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடி இருந்தாலே 100 மெகாபிட் ஓடும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டில் ஒன்று அறுந்தால், பல வலை அட்டைகள் எந்தப் பிழையும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. இணைய உலாவலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்பதால்தான் இது இவ்வளவு நாள் மறைந்திருக்கிறது. கேபிளை மாற்றியதும் ஐபெர்ஃப்3 940 மெகாபிட்டைக் காட்டியது. ஆகவே, வேகம் குறைந்ததென்று எழுதும் நண்பர்கள் முதலில் ஐபெர்ஃப்3, ஈத்டூல் ஆகிய இரண்டும் காட்டும் அளவுகளை எடுத்துப் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி

ஐயா, உங்கள் முறைப்படி சோதித்ததில் எங்கள் வீட்டுக் கேபிள் சரியாகவே இருந்தது. பெரிய காணொளி ஒன்று முழு வேகத்தில் நகலானது. ஆனால் பல்லாயிரம் படங்கள் உள்ள ஒரே கோப்புறையில் புதிய படங்களைச் சேர்க்கும்போது மட்டும் வேகம் படுத்துவிட்டது. ஒவ்வொரு கோப்பையும் திறக்க, பண்புகளை எழுத, மூட என்று தனித்தனிக் கோரிக்கைகள் போய்வருவது ஒரு காரணம். இன்னொன்று பலரும் கவனிக்காதது: கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கருதும், லினக்ஸ் அப்படிக் கருதாது. ஆகவே ஒரு பெயர் கிடைக்காதபோது, பெரிய, சிறிய எழுத்துகள் மாறி வேறு வடிவில் அது இருக்கிறதா என்று சாம்பா கோப்புறை முழுவதையும் தேட வேண்டியிருக்கிறது. கோப்புகள் பெருகப் பெருக, ஒவ்வொரு புதிய கோப்புக்கும் இந்தத் தேடலும் நீள்கிறது. படங்களை ஆண்டு, மாத வாரியாகத் தனிக் கோப்புறைகளில் பிரித்து வைத்த பின் நகலெடுப்பு தெளிவாக விரைவடைந்தது.

பழைய வழிகாட்டிகள் சாம்பாவின் அமைப்புக் கோப்பில் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரியில் இடையக அளவை (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவக அளவை) 8192 என்று எழுதச் சொல்வதையும் இங்கே எச்சரிக்கையாகக் குறிப்பிடுகிறேன். இன்றைய லினக்ஸின் மையப் பகுதியான கருவகம் (கெர்னல்) அந்த அளவைத் தேவைக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும். அந்த வரி அதைத் தடுத்து, கிகாபிட் இணைப்பையும் முடக்கிவிடக்கூடும். உங்கள் கோப்பில் அது இருந்தால் நீக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.