மறு: டிஃப்ராஸ்ட் ஹீட்டருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்புப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகவேண்டும். கம்ப்ரசர், கண்டன்சர் எல்லாவற்றுக்கும் முந்தைய பாடங்களில் ஏதோ ஒன்று போட்டாயிற்று, தயவுசெய்து அதை இப்போது கிளறவேண்டாம். மாட்டிக்கொண்டது டிஃப்ராஸ்ட் ஹீட்டரில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் காற்றின் ஈரம், ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் ஆவியாக்கிச் சுருளில் வெண்மையாகப் படிந்து உறைகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டைமரோ கட்டுப்பாட்டுப் பலகையோ கம்ப்ரசரை நிறுத்திவிட்டு இந்த ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். படிந்தது உருகி, குழாய் வழியாகக் கீழே உள்ள தட்டுக்குப் போய்விடும். ஹீட்டர் எரிந்துபோனால் சுருள் முழுக்க மூடிக்கொண்டு காற்று போக வழியில்லாமல் ஆகிவிடும். மேலே ஃப்ரீசர் ஓரளவு குளிரும், கீழே வைத்த பால் திரியும். பாடமே இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது பற்றித்தான், அதனால் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நான் தற்காலிகமாகப் 'பனிநீக்கி சூடேற்றி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

———

அன்பரே,

'பனி' என்று தொடங்கியதிலேயே இடிக்கிறது. பனித்தல் என்றால் துளித்தல், குளிர்தல், நடுங்குதல். கண் பனித்தது என்கிறோமே, கண்ணில் ஐஸ் கட்டியா நின்றது? முன்பனியும் பின்பனியும் நமக்குப் பெரும்பொழுதுகள், பின்பனியைத் தொல்காப்பியர் பாலைத் திணைக்கே கொடுத்திருக்கிறார். அந்தப் பனி வெயில் ஏறினால் தானே போய்விடும், அதற்கு யாரும் ஹீட்டர் வைக்கவேண்டியதில்லை. ஆகவே இங்கே உள்ளது 'உறைபனி'. உறைந்த, உறைகின்ற, உறையும் பனி என்று மூன்று காலமும் தொக்கு நிற்கும் வினைத்தொகை. நின்ற இடத்தில் மேலும் மேலும் உறைந்துகொண்டே போகும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

இன்னும் பழையதாக வேண்டுமென்றால் 'ஆலி' இருக்கிறது. ஆலங்கட்டி என்பதில் இன்றும் உயிரோடிருக்கும் சொல். இரண்டே எழுத்து. ஆலியுருக்கி! அல்லது குறைந்தபட்சம் உறைபனியுருக்கி. 'சூடேற்றி' வேண்டவே வேண்டாம், உருக்குவதுதான் அதன் வேலை, சூடேற்றுவது வழி மட்டும்.

———

புலவர் ஐயா, மன்னிக்கணும், நான் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன், இலக்கணம் தெரியாது. ஆனால் உருக்கி வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். ஹீட்டர் தனியாக நிற்பதில்லை. அதே ஒயரில் வரிசையாக இன்னும் இரண்டு இருக்கும். ஒன்று பைமெட்டல் (சூட்டுக்கேற்பத் தானே சேர்ந்து பிரியும் சுவிட்சு), இன்னொன்று தெர்மல் ஃபியூஸ் (சூடு அளவு மீறினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது). ஃபியூஸுக்குப் பள்ளிப் புத்தகத்திலேயே 'உருகி' என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் பாடத்தில் ஒரே வரியில் உருக்கியும் உருகியும் வரும். இடையில் ஒரு 'க்' தான் வித்தியாசம். "உருகி போயிருந்தால் உருக்கியைச் சோதிக்கவும்." பையன் எதைக் கழற்றுவான்? அச்சில் ஒரு புள்ளி விழாமல் போனால் தீர்ந்தது கதை.

அப்புறம் பாடத்தில் இதையும் சேருங்கள், இதுதான் முக்கியம். இந்தப் பழுதை நிறையப் பேர் 'கேஸ் போச்சு' என்று தப்பாகச் சொல்லி, தேவையில்லாமல் கேஸ் ஏற்றிவிடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து போட்டால் எல்லாம் உருகி, பெட்டி மறுபடி சில நாள் நன்றாக ஓடும், பிறகு பழையபடி கீழே குளிர் நின்றுவிடும். அப்படி நடந்தால் கேஸ் சரியாக இருக்கிறது, பனி போகவில்லை என்று அர்த்தம். பின்பக்கத் தட்டைக் கழற்றினால் சுருள் கண்ணுக்கே தெரியாது, வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும்.

———

மெக்கானிக் அண்ணன் சொன்ன உருகி/உருக்கி சிக்கல் நியாயம். ஆனால் 'நீக்கி'யிலும் வேறொரு வம்பு இருக்கிறது, ஆசிரியை என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செய்யும் பொருளைக் குறிக்க வினையோடு 'இ' சேர்ப்பது பழைய வழக்கம்தான். சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்று வள்ளுவரே சொல்கிறார். ஆனால் கொல் என்பதிலிருந்து வரும் எச்சம் 'கொன்று', எனவே கொல்லியில் குழப்பம் வராது. நீக்கு, ஏற்று, கழற்று, மாற்று எல்லாம் அப்படியா? பெயரும் 'நீக்கி', வினையெச்சமும் 'நீக்கி'. இப்போது தம்பியின் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம் செய்து பார்க்கிறேன்:

"பனிநீக்கி சூடேற்றி கழற்றி மாற்றி பொருத்தவும்."

இதில் எது கருவி, எது வேலை? பனியை நீக்கிவிட்டு, சூடேற்றிவிட்டு, எதையோ கழற்றவேண்டும் என்று ஒரு மாணவன் படித்தால் அவன் மேல் குற்றமில்லை. வல்லினம் மிகுத்து எழுதினாலும் பயனில்லை, இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின்னும் மிகும். வேற்றுமை உருபை விடாமல் 'சூடேற்றியை' என்று எழுதினால் பாதி தெளியும். முன்பாதியைப் 'பனிநீக்கு' என்று வினைத்தொகையாக வைத்தால் மீதியும் தெளியும். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால் பனிநீக்கு சூடேற்றி.

ஆலி பற்றி: அது வானத்திலிருந்து விழுவது. சுருளில் படிவது அங்கேயே விளைவது. இரண்டும் ஒன்றல்ல, ஐயா.

———

> அது வானத்திலிருந்து விழுவது.

அம்மா, விழுவதும் விளைவதும் பிறகு. இரண்டும் கெட்டியான நீர். பொருள் விரிவு என்று ஒன்று உண்டே. நூல் என்ற சொல் பஞ்சிலிருந்து புத்தகத்துக்குப் போகலாம், ஆலி மேகத்திலிருந்து பெட்டிக்குள் போகக்கூடாதா?

அது கிடக்கட்டும். 'பைமெட்டல்' என்று ஒருவர் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஈருலோகம் என்று எழுதிவிடப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது. உலோகம் வடமொழி. நல்ல தமிழில் மாழை. இருமாழைப் பட்டை!

———

மாழைக்கு அகராதியில் இளமை, அழகு, மாமரம், பொன் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குள் மாமரம் எதற்கு? (பகடிதான் ஐயா, கோபிக்கவேண்டாம்.) உலோகம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தெரிந்த சொல்லைப் பிடுங்கிவிட்டுத் தெரியாத சொல்லை நடுவது கலைச்சொல்லாக்கம் ஆகாது.

———

பைமெட்டலை என்ன பேரில் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஆனால் அது எப்போது ஆன் எப்போது ஆஃப் என்பதைச் சரியாக எழுதுங்கள். வேலை கற்றுக்கொள்கிற பையன்கள் நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போடுவது இதனால்தான். அறைச் சூட்டில் மல்டிமீட்டர் வைத்தால் அது தொடர்பு காட்டாது. அது பழுதில்லை, அதன் குணமே அப்படி. பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகக் குளிர்ந்தால்தான் சேரும், பனி உருகி பூஜ்யத்துக்கு மேலே சுமார் 10 டிகிரிக்கு வந்ததும் விட்டுவிடும். சோதிக்க வேண்டுமானால் உப்புப் போட்ட ஐஸில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்துப் பாருங்கள். தெர்மல் ஃபியூஸ் நேர்மாறு, அறைச் சூட்டில் தொடர்பு காட்டவே வேண்டும். காட்டாவிட்டால் போய்விட்டது, திரும்பி வராது. அதை ஒயர் போட்டு நேராக இணைக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிந்தால் பெட்டியைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். இப்போது வரும் பெட்டிகளில் ஆர்600ஏ, தீப்பற்றும் வாயு.

———

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா. மூலத்தில் குளிர்ந்தால் 'மூடும்', சூடானால் 'திறக்கும்' என்ற பொருளில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டியபோது பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவிட்சு திறந்தால் மின்சாரம் நிற்கும் என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது. 'சேரும், பிரியும்' என்று மாற்றிவிட்டேன்.

நேரமில்லை, முடிவுக்கு வருகிறேன். ஆசிரியர் அம்மா சொன்ன 'பனிநீக்கு சூடேற்றி'யை எடுத்துக்கொள்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் 'கடையில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் என்று கேட்கவும்' என்று ஒரு வரி இருக்கும். ஈருலோகப் பட்டை. வெப்ப உருகி. மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள், ஒருவர் 'எதையாவது போட்டுத் தொலையுங்கள்' என்றார், அதையும் ஆதரவாகவே கணக்கில் வைத்திருக்கிறேன்.

———

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'பனி' தவறு, குறைந்தது 'உறைபனிநீக்கு' என்றாவது இருந்திருக்கலாம். சூடேற்றி இட்லிப்பானைக்கும் பொருந்தும். இருமாழையை நான் என் கட்டுரைகளில் தொடர்ந்து எழுதுவேன்.

———

ஐயா எழுதட்டும். தம்பி, நீங்கள் அனுப்பிய இறுதிப் பிரதியை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். நாலாம் பக்கம், 150 வாட் ஹீட்டர், 230 வோல்ட், மல்டிமீட்டரில் 35 ஓம் காட்டவேண்டும் என்று இருக்கிறது. 350 ஓம். 230ஐ 230ஆல் பெருக்கி 150ஆல் வகுத்துப் பாருங்கள், 353 வரும். 35 என்று அச்சானால் நல்ல ஹீட்டரை எல்லாம் பழுது என்று கழற்றிவிடுவார்கள். அச்சுக்குப் போயிருந்தால் உடனே போன் போட்டு நிறுத்துங்கள்.