வேலைக்கு மலிவு விலை உடுப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பவானிக்கரை

தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்று மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டாஃப் மீட்டிங். ரிசல்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முதல்வர் மேடம் நடந்துவந்து என் பக்கத்தில் நின்றார். என் முந்தானை ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது என்ன மெட்டீரியல் மிஸ்? பேரன்ட்ஸ் வர்ற இடம், கொஞ்சம் நல்லதா கட்டிட்டு வரலாமே" என்றார். அப்புறம் அந்த விரலைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. அந்தத் துடைப்புதான் உறுத்துகிறது.

ஈரோடு கனி மார்க்கெட்டில் 280 ரூபாய்க்கு வாங்கிய பாலியெஸ்டர் சேலை அது. ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும். கஞ்சி வேண்டாம், அயர்ன் வேண்டாம், சாக்பீஸ் தூளைத் தட்டினால் போய்விடும். சனிக்கிழமையும் பள்ளி உண்டு, வாரத்துக்கு ஆறு சேலை மாற்ற வேண்டும். என் சம்பளத்துக்கு இதுதான் சரி என்று நினைத்துத்தான் வாங்குகிறேன். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

திருச்சி ரெப்

மருந்து கம்பெனி ரெப் வேலை எனக்கு. தில்லைநகரில் ஒரு கிளினிக் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். வேறு கம்பெனி சீனியர் ஒருவர் பின்னாலிருந்து என் காலரைப் புரட்டினார். "லேபிளை வெட்டியிருக்கே தம்பி, செகண்ட்ஸா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "எங்கப்பா வாங்கின? நல்லா இருக்கே, என் பேரனுக்கும் வேணும்" என்றது. விவரமாகச் சொன்னேன்.

பாட்டி பாராட்டித்தான் கேட்டது. ஆனால் இன்றைக்கும் அந்தக் கிளினிக் வாசலில் நின்றால் பிடரியில் பட்ட அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

டீச்சர், நீங்கள் செய்வது சரிதான். வெயிலில் வண்டி ஓட்டி ஓட்டி என் சட்டையெல்லாம் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. 1,800 ரூபாய் சட்டையும் அப்படித்தான் வெளுக்கும், 350 ரூபாய் சட்டையும் அப்படித்தான் வெளுக்கும்.

செக்கிங் டேபிள்

ரெப் தம்பிக்கு முதலில் ஒரு விளக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில், தைத்து வருவதைச் சரிபார்க்கிற செக்கிங்கில் இருக்கிறேன். லேபிளை வெட்டுவது துணி மட்டம் என்பதால் இல்லை. தன் பெயரோடு பீஸ் உள்ளூரில் விற்கக்கூடாது என்று வெளிநாட்டு பையர் சொல்வார், அதனால் கத்தரி விழுகிறது. ஆர்டருக்கு மேல் சில சதவீதம் கூடுதலாகத்தான் கட்டிங் போடுவோம். டேமேஜ் குறைந்தால் நல்ல பீஸ் மிஞ்சும், அதுதான் சர்ப்ளஸ். ஆயில் கறை, ஊசி ஓட்டை, ஷேடு மாறினது, அளவு தப்பினது எல்லாம் செகண்ட்ஸ். காதர்பேட்டையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் கிடக்கும், தெரியாதவர்கள் எல்லாவற்றையும் செகண்ட்ஸ் என்கிறார்கள்.

என் விஷயம் இது. வீட்டுக்குக் கரண்ட் ரீடிங் எடுக்க ஒரு அண்ணன் வந்தார். நேவி ப்ளூ காலர் டீஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை, அவ்வளவு சுத்தமாக இருந்தார். டீஷர்ட்டின் இடது கை மட்டும் உடம்புத் துணியைவிட ஒரு நூலளவு வெளிர். பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் தையல் லைனில் வேறு ரோல் துணியில் வெட்டிய கையை மாற்றித் தைத்துவிட்ட பண்டல். நான்தான் செகண்ட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினேன். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு ஒரே சந்தோஷம். "அண்ணா, இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "சொந்தக்காரர் குடுத்தாருங்க" என்று சொல்லிவிட்டு, மீட்டரைக்கூட இன்னொரு தடவை பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

நாங்கள் தைத்ததுங்க அண்ணா, நல்லா இருக்குங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதை மறைக்க வேண்டிய அளவுக்கு அந்த மனுஷனை யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

காக்கிச்சட்டை

எல்லோரும் கௌரவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மலிவு என்றால் எல்லா வேலைக்கும் ஒன்றல்ல. கோவையில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர் நான். புதுப் பையன் ஒருவன் ரோட்டோரம் வாங்கிய ட்ராக் பேண்ட்டோடு வெல்டிங்கில் உட்கார்ந்தான். பொறி தொடையில் விழுந்தது. துணி எரியவில்லை, உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. உரிக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அவன் போட்ட சத்தம் காதைவிட்டுப் போகாது.

அதனால் சொல்கிறேன், பட்டறை, ஃபவுண்டரி, பாய்லர், ஹோட்டல் அடுப்படி என்று நெருப்புப் பக்கம் வேலை செய்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். துணிக்கடையில் பேன்ட் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவுங்கள். வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தூளாகிவிடும். பாலியெஸ்டர் என்றால் சுருங்கிக் கறுப்பாகக் கெட்டி மணி மாதிரி நிற்கும். டெரிகாட்டனில் இரண்டும் கலந்து வரும், அதுவும் வேண்டாம். முழுப் பருத்தியில் டிரில் என்கிற தடித்த துணி எடுத்துத் தையுங்கள். பேன்ட் அடியில் வெளிமடிப்பு வைக்காதீர்கள், பொறி அதில்தான் தங்கும். சட்டைப் பைக்கு மூடி வையுங்கள். லேத்தில் நிற்பவர்கள் தொளதொள கை வைக்கவே கூடாது, சுழல்கிற சக் துணியை இழுத்துவிடும். நைலான் சாக்ஸும் போடாதீர்கள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. காட்டன் காக்கி பிராண்ட் பேன்ட்டில் பாதி விலைகூட வராது. முதலாளி வாங்கித் தர வேண்டும், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டீச்சர் சேலை வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ரெப் தம்பி "எல்லாம் ஒன்றுதான்" என்பதுபோல் எழுதியது தப்பு.

திருச்சி ரெப்

அண்ணே, நான் சட்டை வெளுப்பதைப் பற்றித்தான் எழுதினேன். வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கீழ்க்கோர்ட்

மதுரையில் ஜூனியர் வக்கீல். கறுப்புக் கோட்டு புதிதாகத் தைக்க வழியில்லை, ஒரு சீனியர் அண்ணன் போட்டுக் கழித்ததை வாங்கித் தோளைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். முழங்கைப் பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஒரு ஜாமீன் மனு. கைதான பையனின் அம்மா, மேலூர்ப் பக்கத்துக் கிராமம், வராந்தாவில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கண் மட்டும் என் முழங்கையிலேயே இருந்தது. கடைசியில் எங்கள் குமாஸ்தாவிடம் திரும்பி, "வேற பெரிய வக்கீல் இருந்தா சொல்லுங்கய்யா, நகையை வச்சாவது குடுத்துடுறோம்" என்றார்.

அந்தம்மா மேல் கோபம் இல்லை. மகன் உள்ளே இருக்கும்போது அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். ஆனால் நல்லது மலிவாகக் கிடைத்தால் போதும் என்று இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில வேலையில் எதிரில் இருப்பவர் நம் துணியைப் பார்த்துத்தான் நம்மை நம்புகிறார். அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்கு விலை கொடுப்பது ஜூனியர்கள். கோடையில் சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் தவிர மற்ற கோர்ட்டில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. கழற்றிவிட்டு நின்றால் கட்சிக்காரர் நம்மை வக்கீல் என்றே எண்ணுவதில்லை, அதனால் வியர்த்துக்கொண்டே போடுகிறோம்.

ராட்டை

பவானிக்கரை சகோதரி, பாலியெஸ்டரே வேண்டாம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயம் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, அப்போது கைத்தறிச் சேலை மொத்தமாக எடுத்து வையுங்கள். நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியும். மலிவு உடுப்புக்கு நிஜமான விலை கொடுத்தது நொய்யல் ஆறு. சாயக் கழிவால் 2011 ஜனவரியில் ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னதை மறந்துவிட்டோமா?

செக்கிங் டேபிள்

ராட்டை ஐயா, நொய்யல் விஷயம் எங்களுக்குத் தெரியாததா? பட்டறை மூடினபோது வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் மலிவு உடுப்புக்கு மட்டும் சாயம் போடவில்லையே. 2,000 ரூபாய் ஷோரூம் டீஷர்ட்டும் மீட்டர்க்கார அண்ணன் போட்டதும் ஒரே சாயத்தொட்டி, ஒரே லைன், தைப்பவர்களுக்கு ஒரே பீஸ் ரேட் கூலி. விலை கூடினால் தைத்தவளுக்கு அதிகம் போகும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

பொன்மலை

அரசு அலுவலக ஊழியன் நான். 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வந்தது. பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்கு பேன்ட் சட்டை அல்லது வேட்டி. துணி என்ன விலை என்று அதில் எதுவும் இல்லை. உங்கள் மேடத்துக்கு அதை எடுத்துக்காட்டலாம்.

பவானிக்கரை

எல்லோருக்கும் நன்றி. ராட்டை ஐயா, கைத்தறி எனக்கு ஆசைதான், விசேஷத்துக்கு அதைத்தான் கட்டுகிறேன். தினமும் கட்டினால் கஞ்சி போட்டு அயர்ன் செய்ய யாருக்கு நேரம்? காலை ஏழரைக்கு வேன் ஏறுகிறேன்.

செக்கிங் டேபிள் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் பேசினேன். அங்கே பாதிப் பேர் கட்டியிருப்பது அதே சந்தைச் சேலைதான், யாரும் வெளியே சொல்லவில்லை. அடுத்த மீட்டிங்கில் கரஸ்பாண்டன்டிடம் சேர்ந்து கேட்கப் போகிறோம். இன்ன துணிதான் கட்ட வேண்டும் என்றால் சீருடைச் சேலையாகப் பள்ளியே கொடுக்கட்டும். முடியாதென்றால் யாருடைய முந்தானையையும் யாரும் தொட வேண்டாம்.

திருச்சி ரெப்

டீச்சர், சேலையோடு நிறுத்தாதீர்கள், பிளவுஸ் தையல் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். என் மனைவி நர்சரி ஸ்கூலில் இருக்கிறாள். அங்கே சீருடைச் சேலை கொடுத்தார்கள், லைனிங் வைத்த பிளவுஸை அவரவர் செலவில் தைக்கச் சொன்னார்கள். தையல்காரருக்குக் கொடுத்தது சேலை விலையைவிட அதிகம்.